முட்டை ஸ்நானம்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக் கிணற்றடியில் முட்டை உடைந்தது.

கோழி முட்டை! மயிலாப்பூரில், மாட வீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில், வெங்காயம் நுழைவதற்கே பஞ்சாங்கம் பார்க்கிற வீட்டில்! உடைத்தது பூனையில்லை, காக்கையில்லை... சாட்சாத் அடியேன்தான்.

இந்த இதழ் கடைக்கு வந்தவுடன் எதிர்வீட்டுக்காரர் எங்கள் வீட்டில் காப்பி குடிப்பதை நிறுத்திவிடுவார். நிறுத்தட்டும். காப்பிப் பொடியாவது மிச்சமாகும்.

நடுவில் சில வாரம் இந்தப் பக்கம் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 'எழுதுகிறவருக்கு உடம்பு சரியில்லை' என்று ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். பாவம், நிறையப் பேர் விசாரித்திருந்தீர்கள். ஒருவர் கஷாயம் வைக்கும் முறையைக்கூட எழுதி அனுப்பியிருந்தார். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் நாளுக்கு முன்பே போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம்.

'அவ்வளவுதான்' என்று எழுதிவிட்டேன்... எழுதுவது சுலபம்.

பெயர் இல்லாமல் போன குழந்தையைப் பற்றிப் பேசுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எந்தப் பெயரைச் சொல்லி அழுவது? துக்கம் கேட்க வந்தவர்கள்கூட 'அது' என்றுதான் சொன்னார்கள். 'அது கொடுத்துவைத்தது அவ்வளவுதான்' என்றார்கள். 'அடுத்தது தங்கும்' என்றார்கள். பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டார்கள். தூளியை யாரோ அவிழ்த்து, மடித்து, பரணில் போட்டார்கள். உத்தரத்தில் கயிறு கட்டியிருந்த தடம் மட்டும்தான் மிச்சம்.

என் மனைவி ஜெயம் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அவள் அழவில்லை. கூப்பிட்டால் வருவாள். இலையில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருப்பாள். கேட்டதற்கு 'ஆமாம்', 'இல்லை' என்பாள். மற்ற நேரமெல்லாம் கூடத்துத் தூணில் சாய்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதிர்ச் சுவரில் பார்ப்பதற்கு ஒன்றுமே கிடையாது. சுண்ணாம்பு அடித்தே வருஷக்கணக்காகிறது.

ஜெயத்துக்குத் தாயார் இல்லை. அதனால் பிரசவம் பட்டணத்திலேயே நடந்தது. உதவிக்குக் கும்பகோணத்திலிருந்து என் அக்கா வந்தாள். வந்தவள், இவளை இந்த நிலைமையில் விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டாள். அக்காவுக்கு மடி, ஆசாரம் என்றால் உயிர். வாசலில் ஜட்கா வண்டி போகிற புழுதி புடவையில் பட்டால்கூட இன்னொரு தரம் குளித்துவிட்டு வருவாள். இது பின்னால் கதைக்கு முக்கியம் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

ஒருநாள் காலை ஜெயத்துக்குத் தலை வாரிக்கொண்டிருந்த அக்கா, சீப்பை என் பக்கம் நீட்டினாள். சீப்பே தெரியவில்லை. ஒரு கை முடி!

அன்றிலிருந்து வீடு முழுவதும் முடிதான். தலையணையில் முடி, கூடத்தில் முடி, ரசத்தில் முடி. ஜெயம் அதையெல்லாம் பொறுக்கி, விரலில் சுற்றிச் சுற்றி, சின்னச் சுருளாக்கி எங்கேயோ வைத்தாள். சவுரி கட்டச் சேர்க்கிறாளோ என்று அக்கா என்னிடம் கிசுகிசுத்தாள்.

பெண்டாட்டியின் கூந்தலைப் பற்றிப் பத்திரிகையில் பீற்றிக்கொள்வது அழகில்லைதான். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். எங்கள் கல்யாணத்தில் சடை தைக்க வந்த அம்மாள், கொண்டுவந்த தாழம்பூ பாதிச் சடைக்குக்கூடக் காணவில்லை என்று குளக்கரைக்கு ஆள் அனுப்பினாள். நான் மாப்பிள்ளைக் கோலத்தில் காத்துக்கொண்டிருந்தேன். முகூர்த்தமே தவறிவிடும் போலிருந்தது. 'இந்த முடிக்குப் பூ வாங்கியே நான் ஓட்டாண்டியாகப் போகிறேன்' என்று பிற்பாடு அவளைக் கேலி செய்வேன். 'ஆமாம், உங்கள் தலைக்கு அந்தச் செலவு இல்லை' என்று என் வழுக்கையைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பாள். அப்படி வாய்க்கு வாய் பேசுகிறவள்.

ஆண்பிள்ளைகளான நமக்கு ஒரு வியாதி உண்டு, கவனித்திருக்கிறீர்களா? வீட்டில் துக்கம் என்றால் நமக்குச் சும்மா இருக்கத் தெரியாது. எதையாவது வாங்கிக்கொண்டு வரவேண்டும். ஒரு புட்டி, ஒரு பொட்டலம், ஒரு லேகியம்... கையில் ஒரு சாமான் இருந்தால்தான் வீட்டுக்குள் நுழையவே தைரியம் வரும்.

எனக்கும் அந்த வியாதி கண்டது. குழந்தையைக் காப்பாற்ற என்னால் ஆகவில்லை. கூந்தலையாவது காப்பாற்றிவிட்டால் ஜெயம் பழையபடி கண்ணாடி முன்னால் உட்காருவாள், பூ வைத்துக்கொள்வாள், என் வழுக்கையைக் கேலி செய்வாள் என்று மனசில் விழுந்துவிட்டது. கூந்தல் போய்விட்டால் ஜெயமும் எனக்கு இல்லை என்றும் கூடவே விழுந்துவிட்டது. நியாயமா என்று கேட்காதீர்கள். பயத்துக்கு நியாயம் ஏது?

முதலில் தைலம். இந்தப் பத்திக்கு எதிர்ப் பக்கத்திலேயே விளம்பரம் வருகிறதே, குதிகால்வரை கூந்தலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பெண் திரும்பிப் பார்ப்பாளே... அதைக்கூட வாங்கினேன். தலையணை உறை பச்சையானதுதான் பலன். ஆசிரியர் இந்த வரியை வெட்டாமல் விட்டால் அவருக்குப் புண்ணியம்.

அடுத்து அக்காவின் வைத்தியம். ஊறவைத்த வெந்தயம், புளித்த தயிர், பயற்றம் மாவு, செம்பருத்தி இலை. ஆட்டுக்கல்லில் அரைபடுவது வயிற்றுக்கா தலைக்கா என்றே தெரியாமல் போயிற்று. ஒருநாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து பசியோடு வந்தேன். சமையலறையில் ஒரு கிண்ணத்தில் பச்சையாக, பதமாக ஏதோ இருந்தது. துவையல் என்று நினைத்து ஒரு விரல் வழித்து நாக்கில் வைத்துவிட்டேன். அந்த வழவழப்பு இரண்டு நாளைக்குத் தொண்டையை விட்டுப் போகவில்லை.

முன்பெல்லாம் இப்படி ஒன்று நடந்தால் ஜெயம் வாரக் கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்கு அவள் தூணருகில் இருந்தபடியே திரும்பி ஒரு தரம் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள். நான் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து சாப்பிட்டேன்.

முடி கொட்டுவது நிற்கவில்லை.

லஸ் பக்கத்தில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறார். சீமைக்குப் போய்ப் படித்தவர். அவரிடம் நான் மட்டும் போனேன். மனைவிக்கு முடி கொட்டுகிறது, சரியாகச் சாப்பிடுவதில்லை என்றேன். பிரசவமானதைச் சொல்லவில்லை. சொன்னால், 'குழந்தை எப்படி இருக்கிறது?' என்று கேட்பாரே! அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போயிருந்தது.

"முடி என்பது என்ன? எல்லாம் புரோட்டீன்" என்றார் அந்த அம்மாள். உடம்பைக் கட்டுகிற சத்தாம் அது. பாலில் உண்டு, பருப்பில் உண்டு, உளுந்தில் உண்டு. அக்கா அரைத்துப் பூசிய பயற்றிலும் தயிரிலும்கூட உண்டாம். "முட்டையில் முழுசாக இருக்கிறது. தினம் ஒரு முட்டை கொடுங்கள்."

"டாக்டர், நாங்கள்..." என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். விபூதி பதில் சொல்லிற்று.

"சரி, தின்ன வேண்டாம். தலையில் தடவிக்கொள்ளலாமே? சீமையில் பெண்கள் முட்டையால்தான் தலை அலசுகிறார்கள். முடி பட்டாக இருக்கும். தடவி, கொஞ்சம் காயவிட்டு, அலசிவிடுங்கள்."

அலசிவிடுங்கள்! எதனால் அலசுவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முட்டை புழங்குகிற வீடாக இருந்தால் சொல்லவே வேண்டியதில்லை.

முட்டைக்கு எங்கே போவது? மயிலாப்பூர்க் கடைத்தெருவில் நான் முட்டை கேட்டால், அது என் கைக்கு வருவதற்குள் செய்தி அக்கா காதுக்குப் போய்விடும். தினமும் காலையில் கடற்கரையில் காற்று வாங்கப் போகிற வழக்கம் எனக்கு. போகிற வழியில், நொச்சிக்குப்பத்து ஓரம், அந்தோணியம்மா மீன் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். அவள் கூடையைச் சுற்றிக் கோழிகள் மேய்ந்துகொண்டிருக்கும். அவளைத் தாண்டும்போதெல்லாம் நான் அங்கவஸ்திரத்தால் மூக்கை மூடிக்கொள்வேன். அன்று மூடிக்கொள்ளவில்லை. அவள் எதிரே போய் நின்றேன்.

"இன்னா சாமி... தெனம் மூக்கப் பொத்திக்கினு ஓடுவே, இன்னிக்கு நின்னுக்கினு கீறே?"

"முட்டை இருக்கா?"

"இன்னாது?"

"முட்டை. கோழி முட்டை."

அவள் சிரித்த சிரிப்பில் கோழிகள் சிதறி ஓடின. "அடி ஆத்தே! அய்யரு வந்து முட்ட கேக்கறாரு! இன்னிக்கு வானம் இடிஞ்சு வுழப் போவுது!"

"சாப்பிட இல்லம்மா" என்றேன் மெதுவாக. "என் சம்சாரத்துக்குத் தலைமுடி கொட்டறது. தடவறதுக்கு."

அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "புள்ள பெத்த ஒடம்பா?"

"ஆமாம்."

"இன்னா கொயந்த?"

"பொண்ணு."

"நல்லா கீதா?"

எந்தக் கேள்விக்குப் பயந்து டாக்டரிடம் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அதே கேள்வி. கடல் இரைந்துகொண்டிருந்தது. அந்தோணியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நன்னா இருக்கா" என்றேன்.

ஏன் சொன்னேன்? எனக்குத் தெரியாது. ஊரெல்லாம் 'அது, அது' என்று சொன்ன குழந்தையை, 'இருக்கா' என்று ஒரே ஒரு ஆத்மாவிடம் சொல்லிப் பார்க்க ஆசையாக இருந்ததோ என்னவோ! சொன்னது பச்சைப் பொய். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு நான் மூச்சு விட்டேன் பாருங்கள், அப்படி மூச்சு விட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

அவள் குடிசைக்குள் போய் முட்டைகளை வைக்கோலில் சுற்றிக் கொண்டுவந்தாள். கடைசியில் இன்னொன்றையும் சேர்த்து வைத்தாள். "இது பாப்பாவுக்கோசரம். காசு வாணாம். மாதா காப்பாத்துவா, போ சாமி" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். நான் கோட்டுப் பையில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கண் மறைத்தது. கடற்காற்றில் மணல் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து கோட்டை ஆணியில் மாட்டினேன். ஆபத்து அங்கேதான் காத்திருந்தது.

"சேது, வண்ணான் வந்திருக்கான். அந்தக் கோட்டை எடுத்துக் கொடு. ஒரே உப்புக் காத்து நாத்தம்."

"வேண்டாம் அக்கா. ஆபீசுக்குப் போட்டுண்டு போகணும்."

"இன்னொண்ணு இருக்கேடா?"

"அது... தோள்ல பிடிக்கறது."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் கோட்டை மாட்டிக்கொண்டேன். சாப்பிடும்போதும் மாட்டிக்கொண்டிருந்தேன். பஞ்சகச்சமும் கோட்டுமாக மனையில் உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டவன் இந்த மயிலாப்பூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டேன். சாயங்காலம் அக்கா கோயிலுக்குக் கிளம்பினாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அம்மன் தரிசனம் பண்ணிவிட்டு, பிராகாரம் சுற்றிவிட்டு, தெரிந்தவர்களிடம் பேசிவிட்டு வர எப்படியும் நேரமாகும். அவள் தலை தெருமுனையில் மறைந்ததும் ஜெயத்தைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டேன்.

"எதுக்கு?"

"டாக்டர் சொன்னா. தலைக்கு ஒரு மருந்து."

வந்தாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மனையைப் போட்டேன், உட்கார்ந்தாள். முட்டையைப் பார்த்தாள். 'ஐயையோ' என்பாள், எழுந்து ஓடுவாள், குறைந்தபட்சம் மூக்கையாவது சுளிப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வாசகர்களே, முட்டையை உடைப்பது எப்படி? உங்களில் பாதிப்பேர் சிரிப்பீர்கள். மீதிப்பேர் என் ஜாதி, அவர்களுக்காகச் சொல்கிறேன். நான் உடைத்துப் பழகியதெல்லாம் தேங்காய். கல்லில் ஓங்கி ஒரு போடு போட்டேன். முதல் முட்டை என் முகத்திலும் சட்டையிலும் கிணற்றுச் சுவரிலுமாகப் போயிற்று. மிச்சத்தைக் காக்கை பார்த்துக்கொண்டது. அடுத்ததை நகத்தால் தட்டித் தட்டி, ஓட்டை போட்டு, ஒரு கொட்டாங்கச்சியில் வடித்தேன். வீட்டுப் பாத்திரத்தில் வைக்க முடியுமா? எனக்கும் கொஞ்சம் ஆசாரம் உண்டு.

உச்சியிலிருந்து நுனிவரை தடவினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தலையில் நான் எண்ணெய்கூட வைத்ததில்லை. தடவத் தடவ முடி என் விரலோடு வந்தது. அதை அவளுக்குத் தெரியாமல் கல்லின் மறுபக்கம் போட்டேன். கொஞ்ச நேரத்தில் காய்ந்து மொறமொறவென்று ஆயிற்று. அலசவேண்டியதுதான் பாக்கி.

எங்கள் வீடுகளில் தலை அலசுவது என்றால் எதனால்? வெந்நீரால்! எண்ணெய் ஸ்நானத்துக்குப் பழகிய குடும்பம். பிசுக்கு என்றால் சூடு, அதிகப் பிசுக்கு என்றால் அதிகச் சூடு. நான் அதற்காகவே தவலை நிறையக் கொதிக்க வைத்திருந்தேன். தலையில் ஊற்றினால் சுடுமே என்று கூந்தலை முன்பக்கம் தொங்கவிடச் சொல்லி, நீளத்தின்மேல் சொம்பு சொம்பாக விட்டேன்.

முதல் சொம்பில் மஞ்சள் நூல் நூலாக ஏதோ தெரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். இன்னொரு சொம்பு. நூல் திரியாயிற்று. திரி கட்டியாயிற்று. அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு வாசனை! போகட்டும் போகட்டும் என்று இன்னும் கொதிக்கிற நீரை எடுத்து விட்டேன்.

"சுடறது" என்றாள் ஜெயம், மெதுவாக.

சொம்பைக் கீழே போட்டுவிட்டேன். அவள் கூந்தல் முழுவதும் முட்டை வெந்து, பிடித்து, ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் முடியோடு வந்தது. விட்டால் இறுகியது. நான் காப்பாற்றப் போன கூந்தல்! கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

கொல்லைக் கதவு திறந்தது. அன்றைக்கென்று அம்மன் சந்நிதியில் கூட்டமே இல்லையாம்.

"என்னடா நாத்தம் இது? வாசல்வரைக்கும் வரது!"

அக்கா. கையில் அர்ச்சனைத் தட்டு. மடிப்புடவை. நெற்றியில் அப்போதுதான் வைத்த குங்குமம். அவள் பார்வை முட்டை ஓட்டுக்குப் போயிற்று, கொட்டாங்கச்சிக்குப் போயிற்று, ஜெயத்தின் தலைக்குப் போயிற்று. கடைசியில் என்னிடம் வந்து நின்றது.

"டாக்டர் சொன்னா அக்கா... புரோட்டீன்... முடி நிக்கும்னு..." என்று உளறினேன். என் குரல் உடைந்துவிட்டது. ஆமாம், சொல்வதற்கு என்ன வெட்கம்? அழுதேன்.

அக்கா அர்ச்சனைத் தட்டை மாடத்தில் வைத்தாள். ஜட்காப் புழுதிக்குக் குளிக்கிறவள், மடிப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முட்டை ஓட்டுக்கு நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஜெயத்தின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். ஈர் எடுக்கிறவள் போல ஒவ்வொரு கட்டியாகப் பிரித்து எடுக்க ஆரம்பித்தாள்.

"பச்சத் தண்ணி கொண்டாடா. மரமாட்டம் நிக்கறியே!"

நான் இறைத்துக் கொடுத்தேன். அவள் எடுக்க எடுக்க, கட்டியோடு கொத்துக் கொத்தாக முடியும் வந்தது. சுட்ட இடம், பிடித்த இடம் என்றில்லை. தொட்ட இடத்திலெல்லாம் வந்தது. அக்காவுக்கும் பொறுக்கவில்லை.

"இப்படிக் கொட்டறதேடி, ஜெயம்! தலையில ஒண்ணும் மிஞ்சாது போலிருக்கே!"

"கொட்டட்டும், அக்கா."

"என்னடி பேச்சு இது?"

"மூணு மாசம் முடிஞ்சுடுத்தே அக்கா. இப்போ முகம் பார்த்துச் சிரிப்பாளோல்லியோ... அதான் கொட்டறது."

அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு? யாரு சிரிப்பா?" என்று கேட்டேன், முட்டாள் மாதிரி.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "குழந்தை அம்மா முகத்தை அடையாளம் கண்டுண்டு சிரிக்க ஆரம்பிச்சா, அம்மாவுக்கு முடி கொட்டும்டா. எல்லாருக்கும் கொட்டும். என் பிள்ளை பாலு பொறந்தப்போ எனக்குக் கொட்டித்து. சிரிச்சுச் சிரிச்சே மொட்டை அடிச்சுட்டான் படவான்னு அவனைக் கொஞ்சுவேன்." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஏன் இது தோணாம போச்சு? நான் என்ன பொம்மனாட்டி?"

பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆண்பிள்ளைகளுக்கு இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்? மூன்று மாதமாக நாங்கள் எல்லோரும் குழந்தை இல்லை என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம். ஜெயத்தின் உடம்புக்கு மட்டும் அந்தச் சேதி போகவில்லை. குழந்தை பிறந்தது, மூன்றாம் மாதம் வந்தது, சிரிக்கிற வேளை வந்தது என்று அது பாட்டுக்குத் தன் காரியத்தைச் செய்துகொண்டிருந்தது. எங்கள் பெண் இங்கே வந்து போனாள் என்பதற்கு ஜெயத்திடம் இருந்த ஒரே அத்தாட்சி, சீப்பில் வருகிற முடி. அதை நிறுத்தத்தான் நான் தைலமும் முட்டையுமாக அலைந்திருக்கிறேன்.

ஜெயம் அக்காவின் மடியிலிருந்தபடியே என்னைப் பார்த்தாள். சுவரைப் பார்க்கிற பார்வையில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"மருந்தெல்லாம் வேண்டாமே... நின்னுடப் போறது."

தலையை ஆட்டினேன்.

பிறகு அக்கா, மறுபடி முடியைப் பிரித்துக்கொண்டே, பக்கத்து வீட்டுக் குழந்தையை விசாரிப்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள். "யார் மாதிரிடி சிரிப்பா?"

"தெரியலையே அக்கா... தூக்கத்துல ஒரு தரம் உதட்டைச் சுழிச்சா. இந்தப் பக்கம் மட்டும் கன்னத்துல குழி விழுந்தது."

"எங்காத்துக் குழி. எங்கம்மாவுக்கு அந்தப் பக்கந்தான் விழும்."

"நெத்தி இவர் மாதிரி. ஏறு நெத்தி."

"ஐயோ பாவம்" என்றாள் அக்கா.

ஜெயம் சிரித்தாள். லேசாகத்தான். சிரித்த வாய் மூடவில்லை, அப்படியே அழுகையாக மாறியது. மூன்று மாதத்து அழுகை. அக்காவும் சேர்ந்து அழுதாள். நான் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டு தண்ணீர் இறைத்தேன். தொட்டி நிரம்பி வழிந்தது. வழிந்து, முட்டை ஓடுகளை இழுத்துக்கொண்டு செம்பருத்திப் பாத்திக்குப் போயிற்று. நான் இறைத்துக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்குக் கிணற்றடியை நான்தான் கழுவினேன். அக்கா சாணி தெளித்தாள். குளித்தாள். இன்னொரு தரமும் குளித்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. மீதியிருந்த முட்டைகளைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து, காலையில் அந்தோணியம்மாவிடமே கொடுத்துவிட்டேன். "இன்னா சாமி, போதுமா?" என்று கேட்டாள். போதும் என்றேன். அவளிடம் சொன்ன பொய்யைத் திருத்தவில்லை. திருத்துகிற உத்தேசமும் இல்லை.

ஒன்று மட்டும் மனசை அரித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் பொறுத்து லேடி டாக்டரிடம் போய், முதல் தடவை மறைத்ததையெல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வெந்நீர்ச் சமாசாரத்தைச் சொன்னபோதுகூடச் சிரிக்கவில்லை. நல்ல மனுஷி.

"பிரசவமான எல்லாருக்கும் மூன்றாம் நான்காம் மாதத்தில் முடி கொட்டத்தான் செய்யும்" என்றார். "குழந்தைகள் முகம் பார்த்துச் சிரிப்பதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை. நீங்கள் படித்தவர். கவலைப்படாதீர்கள். புரோட்டீனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இன்னும் சில மாதத்தில் கொட்டுவது தானாக நின்றுவிடும். புது முடி முளைக்கும்."

நல்ல சேதிதானே? இதற்காகத்தானே நான் தெருத்தெருவாக அலைந்தேன்? அந்த அம்மாளுக்கு நமஸ்காரம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். டிராமுக்குக் காத்திருந்தேன். வந்தது, ஏறவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தேன். நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னதை ஜெயத்திடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. இந்த இதழை மட்டும் அவர்கள் கண்ணில் காட்டப்போவதில்லை. நிற்கிறபோது நிற்கட்டும்.

இன்று காலை ஜெயமே தலை வாரிக்கொண்டாள். வாரி முடித்து, என்னைக் கூப்பிட்டுச் சீப்பைக் காட்டினாள். நிறைய வந்திருந்தது.

நன்றாகத்தான் சிரிக்கிறாள், எங்கள் பெண்.